எண்பத்துநாலு கையொப்பங்கள்

இருபத்தொன்பது வருடம், நான்கு மாதம், பதினொரு நாள். இந்தக் கணக்கை டொறத்தி யாரும் கேட்காமலே சொல்லுவாள். அவளுடைய கணவர் கில்பட் கடற்றொழில் உத்தியோகத்தராக அரசாங்கத்துக்கு வேலை செய்த காலம் அது. அந்தக் காலத்துக்கு ஒரு சதம்கூட ஓய்வூதியம் கிடையாது என்று 2025 மார்ச் மூன்றாம் திகதி ஒரு கடிதம் வந்தது.

ஒன்றரைப் பக்கக் கடிதம். இலஞ்ச வழக்கில் குற்றவாளியாகி வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் ஓய்வூதியத்தை இழக்கிறார் என்றது முதல் பக்கம். கருணை அடிப்படையில் ஒரு பகுதியாவது வேண்டுமென்றால் முப்பது நாளுக்குள் மனுக் கொடுக்கலாம், நற்சேவைக்குச் சான்றுகள் இருந்தால் இணைக்கலாம் என்றது மற்ற அரைப் பக்கம். சிங்களத்தில் இருந்த அந்தக் கடிதத்தை டொறத்தி கில்பட்டுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். அவருக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை. தன் கண்ணால் வாசிக்க மனம் வரவில்லை.

டொறத்திக்கு ஐம்பத்தேழு வயது. தலவிலைக்கும் கற்பிட்டிக்கும் இடையில், பிரதான வீதியிலிருந்து கடலை நோக்கி உள்ளே போகும் ஒரு ஊரில், கோயில் வளவுக்குள் இருக்கும் பாலர் பாடசாலையை நடத்துகிறாள். சிலாபத்தில் படித்தவள் என்பதால் சிங்களம் சரளமாக வரும். ஊரில் யாருக்குக் கடதாசி வந்தாலும் முதலில் அவளிடம்தான் வரும். முப்பது பிள்ளைகளின் தாய்மார் மாதா மாதம் கொடுக்கும் பணமே இப்போது அந்த வீட்டின் முழு வருமானம். வீட்டுக்குப் பின்னால் இருந்த தென்னங்காணி வக்கீல் செலவோடு போய்விட்டது. கில்பட்டின் சீனி வருத்தத்துக்கு மாத்திரை வாங்குகிற நாளில் அவள் அரிசி வாங்குவதைத் தள்ளிப்போட வேண்டியிருந்தது.

வழக்கில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. கற்பிட்டியில் ஐஸ் கடை வைத்திருக்கும் ஃபைஸல் ஒரு பழைய வள்ளத்தை வாங்கி, பதிவைத் தன் பெயருக்கு மாற்ற வந்தார். மூன்று மாதம் அலைந்தார். கடைசியில் கில்பட் பதினையாயிரம் என்றார். ஃபைஸல் போய் இலஞ்சத் தடுப்புக்காரரிடம் சொன்னார். தேத்தண்ணிக் கடையில் குறி போட்ட காசுத் தாள்கள் கில்பட்டின் சட்டைப் பையில் இருக்கும்போதே பிடிபட்டார். கொழும்பு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒத்திவைத்த சிறைத் தண்டனை, அபராதம், வேலை நீக்கம். ஊர் முழுக்க ஃபைஸலைத் திட்டியது. டொறத்தி திட்டவில்லை. அவள் கோபம் வேறு ஆள் மேல். அந்த ஆள் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார்.

நற்சேவைக்குச் சான்று என்றதும் அவளுக்கு மீனவர் சங்கம்தான் நினைவு வந்தது. தலைவர் தோமஸிடம் போய், சங்கத்தின் பெயரில் நாலு வரி எழுதித் தரச் சொன்னாள். புயல் அடித்த வருடம் கில்பட் மூன்று நாள் வீட்டுக்கு வராமல் கரையிலேயே நின்று காணாமல் போன வள்ளங்களைத் தேடுவித்தார். அதை எழுதினால் போதும் என்று சொன்னாள்.

"நாலு வரி என்ன டீச்சர், நாப்பது வரி எழுதுவோம்," என்றார் தோமஸ்.

அந்த நேரத்திலேயே அவள் யோசித்திருக்க வேண்டும்.

மார்ச் இருபத்து மூன்று, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் தோமஸ் கோயில் வாசலிலேயே அவளைப் பிடித்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத சாரம், கையில் ஒரு கடதாசிக் கோவை. கடிதம் இரண்டு தாள். அதன்பின் கையொப்பங்களே நாலு தாள். மாமரத்துக்குக் கீழே வாங்கில் உட்கார்ந்து அவள் வாசித்தாள். தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. புயல் வந்தது, வள்ளங்கள் வந்தன. பிறகு இப்படி இருந்தது:

"மேற்படி கில்பட் ஐயா அவர்கள் எமது கரையில் கடமையாற்றிய இருபத்தேழு வருடங்களில் எம்மிடம் ஒருநாளாவது வாயால் காசு கேட்டதில்லை. கறிக்கு மீன் மாத்திரம் எடுப்பார். அறக்குளா பட்ட நாளில் அறக்குளா, சூரை பட்ட நாளில் சூரை, ஒன்றும் படாத நாளில் சாளையைக் கொடுத்தாலும் முகம் கோணாமல் ஏற்றுக்கொள்வார். அவருடைய மோட்டார் சைக்கிளில் எந்நேரமும் ஒரு வாளி இருந்தபடியால் பை தேடும் சிரமத்தையும் எமக்குத் தரவில்லை. மீன் கொடுத்தவர்களின் அலுவலை அவர் ஒருபோதும் தாமதித்ததில்லை என்பதை நன்றியுடன் அறியத்தருகிறோம்."

டொறத்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அந்தப் பந்தியை இன்னொரு தரம் வாசித்தாள். துடைத்ததால் ஒன்றும் மாறவில்லை.

"தோமஸ், இத ஆரு எழுதினது?"

"சங்கம் டீச்சர். நான் சொல்லச் சொல்ல செக்கட்டரி எழுதினாரு. வடிவா வந்திருக்கு என்ன?"

"வாளிய ஏன் எழுதினீங்க?"

"இருந்தது தானே. சிவப்பு வாளி. நிறம் எழுதல்ல."

"தோமஸ், இது லஞ்சம்."

தோமஸ் உண்மையிலேயே திகைத்துப்போனார். "கறிக்குக் குடுக்கிறது எப்பிடி டீச்சர் லஞ்சமாகும்? பாதருக்கும் தான் குடுக்கிறோம்."

"பாதரா உங்கட வள்ளத்துக்கு லைசன் குடுக்கிறாரு?"

தோமஸ் சற்று யோசித்தார். "வள்ளத்த மந்திரிக்கிறாரு."

அந்தக் கரையில் அது அப்படித்தான். வலை கரைக்கு வந்ததும், விலை பேசுமுன், ஒரு கை மீன் கறிக்கென்று ஒதுங்கிவிடும். கயிறு இழுத்தவனுக்கு, வள்ளம் தள்ளக் கை கொடுத்தவனுக்கு, பாதருக்கு, சும்மா நின்று பார்த்தவனுக்கும்கூட. கொடுக்காவிட்டால் கடல் கைவிட்டுவிடும் என்று நம்புகிறார்கள். வாங்காவிட்டால் அதைவிட மோசம். கில்பட் அங்கே மாற்றலாகி வந்த முதல் வருடம் ஒரு மீனும் தொடவில்லை. புது ஐயாவுக்குத் தலைக்கனம், எங்கள் மீன் நாறுகிறதாம் என்று வள்ளமும் வலையும் வைத்திருக்கும் நாலு சம்மாட்டிமார் சேர்ந்து பாதரிடம் முறைப்பாடே கொடுத்தார்கள். பாதர் கூப்பிட்டு, கறிக்குத்தானே மகன், எடுங்க என்றார். எடுத்தார். முதலில் ஈர்க்கில் கோத்த நாலு மீன். பிறகு சொப்பிங் பேக். பிறகு வாளி. வள்ளம் வருவதற்கு முன்பே, இன்றைக்கு என்ன பட்டிருக்கு என்று போனில் கேட்கிற அளவுக்கு வந்தபோது அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. பகல் பாடசாலை விட்டு வந்து அத்தனை மீனையும் துப்புரவாக்கிய டொறத்திக்கு மட்டும் தெரிந்தது. தெரிந்தும் அவள் செதில்தான் சுரண்டினாள். பாதியை அயல் வீடுகளுக்குக் கொடுத்தாள். ஊரின் லஞ்சம் ஊரின் சட்டியிலேயே வெந்தது.

"சரி," என்றாள் டொறத்தி. "இத அனுப்ப வேணாம். நான் வேற எழுதித் தாறேன். கையெழுத்துத் தாள அப்பிடியே வச்சிருங்க."

தோமஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து நீட்டினார். தபால் கந்தோர்ச் சீட்டு. "வெள்ளிக்கிழமையே அனுப்பியாச்சு டீச்சர். பதிவுத் தபால். உங்களுக்கு எதுக்கு அலைச்சல் எண்டு தான். இது கொப்பி. எம்பீ ஒஃபிசுக்கு ஒண்டு, ஆயருக்கும் ஒண்டு போட்டிருக்கு."

டொறத்தி அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருடத்தில் இந்தச் சங்கம் ஒரு கடிதத்தையாவது திகதிக்கு முன் அனுப்பியதாக அவளுக்கு நினைவில்லை. மண்ணெண்ணெய் மானிய விண்ணப்பத்துக்குக்கூட அவள்தான் வீடு வீடாகப் போய்ச் சத்தம் போடுவாள்.

"கடைசிப் பந்தியையும் பாருங்க," என்றார் தோமஸ், அவள் முகத்தைத் தேற்றுவதற்காக. "அது என்ட சொந்த வசனம்."

கடைசிப் பந்தி: "எமது சங்கத்தில் எண்பத்தைந்து அங்கத்தவர்கள். எண்பத்துநாலு பேர் கையொப்பமிட்டுள்ளோம். திருமதி பவுலினா மாத்திரம் மறுத்துவிட்டார். காரணத்தை அவரிடமே கேட்டறிந்துகொள்ளலாம். முகவரி கீழே."

"முகவரியையும் குடுத்தீங்களா?"

"ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு டீச்சர்?"

அவள் எழுந்து நடந்தாள். பின்னால் தோமஸ் யாரிடமோ, டீச்சருக்கு அழுகை வந்துட்டுது பாவம், நாங்க எழுதினது அப்பிடி, என்று சொல்வது கேட்டது.

அடுத்த நாள் பாடசாலை விட்டதும் அவள் பவுலினாவிடம் போனாள். பவுலினாவின் புருஷன் ஐந்து வருடத்துக்கு முன் வள்ளம் கவிழ்ந்து இறந்தவர். அவள் கருவாடு போட்டுச் சீவிக்கிறாள். அன்றைக்கும் முற்றத்தில் தட்டிகளுக்கு நடுவே நின்று கட்டா மீனைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

"ஏன் பவுலினா கையெழுத்து வைக்கல்ல?"

"வைக்கமாட்டேன் எண்டு நான் சொல்லல்ல டீச்சர். பதினொரு மாசத்தையும் எழுதுங்க, வைக்கிறேன் எண்டு சொன்னேன். அது அழகா இருக்காதாம். தோமஸ் அண்ணன் சொன்னாரு."

எந்தப் பதினொரு மாதம் என்று டொறத்தி கேட்கத் தேவையில்லை. புருஷனின் இழப்பீட்டுக் காசு வருவதற்கு, வள்ளம் கவிழ்ந்த விதம் பற்றிக் கில்பட் ஒரு பக்க அறிக்கை எழுதி ஒப்பமிட வேண்டியிருந்தது. அந்த நாட்களில் டொறத்தியே வீட்டில் இரண்டு மூன்று தரம் கேட்டாள். கோவை கொழும்பில என்றார். அவளும் பவுலினாவிடம், கோவை கொழும்பிலயாம், வந்துரும் என்று சொன்னாள்.

"அவரு உங்களிட்ட ஏதும் கேட்டாரா?"

"எங்க கேட்டாரு." பவுலினா நிமிராமலே சொன்னாள். "மத்த ஆக்கள் எல்லாம் காலையில மீனோட நிப்பாங்க, வேலை ஆகும். எனக்கு வள்ளமே போச்சு, நான் எதக் கொண்டு நிக்கிறது? அவரு கேக்கவும் இல்ல, எழுதவும் இல்ல. கடைசியில அக்காள்ட காசுக்கு மீன் வாங்கி, கருவாடு போட்டு ரெண்டு பொதி கொண்டுபோய்க் குடுத்தேன். அந்தக் கிழமையே எழுதிட்டாரு. கோவை அவருட மேசை லாச்சிக்குள்ள தான் இருந்திருக்கு."

டொறத்தி தட்டியிலிருந்து நழுவிய ஒரு மீனை எடுத்துத் திரும்ப வைத்தாள்.

"கட்டாக் கருவாடு," என்றாள் பவுலினா. "நல்லா இருந்துச்சு, உப்பு அளவா இருந்துச்சு எண்டு நீங்களே கோயிலடியில வச்சு எனக்குச் சொன்னீங்க."

அது உண்மை. சொன்னது நினைவிருந்தது. அன்றைக்குப் பவுலினா சிரித்ததுகூட நினைவிருந்தது.

"அவங்க வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"இததான். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்." பவுலினா அடுத்த தட்டிக்கு நகர்ந்தாள். "நீங்க நல்ல மனிசி டீச்சர். அதுக்காக நான் பொய் சொல்லணுமா?"

வீட்டுக்கு வந்தபோது விறாந்தையில் கில்பட்டின் காலடியில் ஒரு சொப்பிங் பேக் இருந்தது. உள்ளே நாலு பாரை. வேலை போன பிறகும் அவர் காலையில் கரைக்குப் போவதை நிறுத்தவில்லை. கரையும் கொடுப்பதை நிறுத்தவில்லை. பாவம் பார்த்து முன்பைவிடக் கூடக் கொடுத்தார்கள்.

"தோமஸ் தந்தான்," என்றார். "மனுவுக்கு நல்ல சான்று ஒண்டு போட்டானாமே."

டொறத்தி கொப்பியை அவர் மடியில் வைத்தாள். வாளி வரைக்கும் வந்ததும் வரியோடு ஓடிய அவர் விரல் நின்றது.

"படிக்காத சனம்," என்றார் கடைசியில். "அதுகள் அறியாம எழுதினது எண்டு சொல்லுவோம். வக்கீல் ஒரு மனு அடிச்சு வச்சிருக்கிறாரு தானே. இருபத்தொம்பது வருசம் களங்கமில்லாத சேவை. அந்தப் பதினையாயிரம் கடன் எண்டு."

"கோட்டில குற்றவாளி எண்டு சொன்னது ஆரு?"

"அது வக்கீல் சொல்லச் சொன்னது."

"இது?"

"இதுவும் வக்கீல் தான்."

"ரெண்டையும் ஒரு வக்கீல் சொல்லச் சொன்னா, நீங்க எந்த நேரம் உங்கட வாயால பேசப் போறீங்க?" டொறத்தி கதிரையை இழுத்து எதிரே போட்டாள். "களங்கமில்லாத சேவை எண்டு நீங்க அனுப்புங்க. அதுக்கு மேல எண்பத்துநாலு பேர் கையெழுத்தோட வாளி இருக்கு. கீழ பவுலினாட முகவரி இருக்கு. அவங்க மூண்டையும் பக்கத்தில பக்கத்தில வச்சு வாசிப்பாங்க."

"நான் என்ன மாடி வீடா கட்டினேன்?" கில்பட்டின் குரல் உயர்ந்தது. "என்னோட சேந்தவன் ஒருத்தன் நீர்கொழும்பில மூண்டு மாடி. அவன் பென்சனும் எடுக்கிறான். நான் கறி திண்டேன். முதல் வருசம் வேணாம் எண்டு சொன்னதுக்கு என்னப் பாதரிட்டக் கொண்டுபோய் நிறுத்தினாங்களா இல்லையா?"

"நிறுத்தினாங்க. அத எழுதுவோம். அது உண்மை."

"பவுலினாட கதைய எழுதத் தேவையில்ல."

"லாச்சிக்குள்ள இருந்ததா?"

கில்பட் கடற்கரைப் பக்கம் பார்த்தார். "மறந்து போய்ட்டுது," என்றார்.

"ரெண்டு பொதி கருவாடு வந்ததும் ஞாபகம் வந்துட்டுதா?"

கில்பட் கொப்பியை நாலாக மடித்தார். டொறத்திக்கு அழக்கூட முடியாத எரிச்சல். முப்பது வருடம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருக்கிறாள். குடிக்க மாட்டார், அவள் மேல் கை நீட்ட மாட்டார், பூசை தவற விடமாட்டார். கெட்டவர் என்று ஒரேயடியாகக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லாத மனிதர். மீனை உள்ளே கொண்டுபோகாமல், பேக்கோடு பக்கத்து வீட்டு மதிலில் வைத்துவிட்டு வந்தாள். அதைச் செய்த பிறகுதான், அதையேதான் இத்தனை வருடமும் செய்துவந்தாள் என்பது அவளுக்கு உறைத்தது.

மூன்று நாள் எழுதினாள். வக்கீல் அடித்தது ஏழு பக்கம். அவளுடையது ஒரு பக்கம், சிங்களத்தில், கையெழுத்தில். முதல் வருடம் மறுத்தது, பிறகு எடுத்தது, பிறகு எதிர்பார்த்தது, ஃபைஸலிடம் கேட்டது, பவுலினாவைப் பதினொரு மாதம் காக்க வைத்தது. புயலுக்கு நின்ற மூன்று நாளும் இருந்தது. அந்த மீனைச் சமைத்தவள் நான் என்று தன் பெயரிலும் ஒரு வரி சேர்த்தாள். முழு ஓய்வூதியம் கேட்கவில்லை, மாத்திரைக்கும் அரிசிக்கும் போதுமான ஒரு பகுதியைக் கேட்கிறோம் என்று முடித்தாள்.

கில்பட் அதை நாலு தரம் வாசித்தார். பவுலினாவின் பந்தியை விரலால் மூடிக்கொண்டு ஒரு தரம் வாசித்தார்.

"இதுக்குக் கையெழுத்து வச்சிட்டு நான் கரைக்கு எப்பிடிப் போறது?"

"போகாதீங்க. கறிக்கு நான் காசு குடுத்து வாங்குறேன்."

"சாளை என்ன விலை எண்டு தெரியுமா உனக்கு?"

"தெரியாது," என்றாள் டொறத்தி. "நீங்க மீன் எடுக்கத் தொடங்கின நாளிலேந்து நான் மீன் வாங்கினதில்ல."

அவர் கையொப்பமிட்டார்.

மார்ச் இருபத்தெட்டாம் திகதி, முப்பது நாள் முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது, டொறத்தி பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுப் புத்தளத்தில் இருக்கும் ஓய்வூதியக் கந்தோருக்குப் போனாள். முதல் யன்னலில் கோவை எண் கேட்டார்கள். இரண்டாவது யன்னலில், முதல் யன்னலில் பதிந்தீர்களா என்று கேட்டார்கள். முதல் யன்னலுக்குத் திரும்பி வந்தபோது அங்கிருந்தவர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார். பதினொன்றரைக்கு அனுஷ்கா என்ற இளம் உத்தியோகத்தர் உள்ளே கூப்பிட்டாள். சிங்களத்தில் பேசினாள். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவள் வாயோரம் லேசாக அசைந்தது.

"மீன் கடிதம் வந்த ஊரா?"

"ஓம்," என்றாள் டொறத்தி. "அதே ஊர்தான்."

"தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து எல்லோரும் வாசித்தோம். சேர் இரண்டு தரம் வாசித்தார். ஏழு வருடமாக மனுக்கள் பார்க்கிறேன், மிஸ். மீன் பெயர் எழுதி வந்தது இதுதான் முதல் தடவை."

டொறத்தி ஒரு பக்க மனுவை நீட்டினாள். அனுஷ்கா கோவைக்குள் வைக்கப் போனவள், முதல் வரியைப் பார்த்துவிட்டு நின்றாள். கடைசி வரை வாசித்தாள். பிறகு கையொப்பத்தைப் பார்த்தாள்.

"இதை அவரே ஒப்பமிட்டாரா?"

"அவரே."

"வக்கீலுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இது உதவுமா, கெடுக்குமா என்று நான் சொல்ல முடியாது, மிஸ்."

"அதைக் கேட்க நான் வரவில்லை," என்றாள் டொறத்தி. "வாங்கினதற்கு ஒரு துண்டு தாருங்கள்."

அனுஷ்கா முத்திரை குத்தி, திகதி போட்டு, துண்டைக் கொடுத்தாள்.

சித்திரைப் புதுவருட விடுமுறை முடிந்து விசாரணைக் கடிதங்கள் வந்தன. கில்பட்டுக்கு ஒன்று, சங்கத் தலைவர் என்ற முறையில் தோமஸுக்கு ஒன்று, பவுலினாவுக்கு ஒன்று. மூன்றையும் டொறத்திதான் வாசித்துச் சொன்னாள். விசாரணை மே இருபதாம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, புத்தளத்தில். அந்த ஊரிலிருந்து ஒன்பதுக்கு முன் அங்கே போய்ச் சேர ஒரே ஒரு பஸ்தான் இருக்கிறது. மூன்று பேரும் அதில்தான் போக வேண்டும். அது ஐந்தே முக்காலுக்குக் கோயிலடியிலிருந்து புறப்படும்.